தாழ்மையுடன்

அப்பா எழுதும் மனுக்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். 'மேற்படி விஷயத்தில் தக்க நடவடிக்கை எடுத்து ஆவன செய்யுமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' முதியோர் உதவித்தொகை, பட்டா பெயர் மாற்றம், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று எதற்கு எழுதினாலும் கடைசி வரி மாறாது. பத்தாவது வரை படித்தவர் அவர். எங்கள் தெருவில் அவர் வயதுக்காரர்களில் அவ்வளவு படித்தவர் வேறு யாரும் இல்லை. அதனால் தெருவுக்கே மனு எழுதுகிறவர் ஆகிவிட்டார். திண்ணையில் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் கார்பன் தாள் சொருகி, அழுத்தி எழுதுவார். மேல் தாள் ஆபீசுக்குப் போகும். கீழ்த் தாள் தகரப் பெட்டிக்குப் போகும்.

அந்தத் தகரப் பெட்டி மலாயாவிலிருந்து வந்தது. அப்பாவின் தாத்தா கொண்டுவந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் வலங்கைமானிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அப்பாவுக்கு ஐந்து மா குத்தகை நிலம். ஐந்து மா என்றால் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. நான் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு அக்டோபரில், குறுவை அறுப்பு முடிந்த சமயம், ஊருக்கு வந்திருந்தேன்.

நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் கிடந்தது. எங்களுடையது எழுபது சிப்பம் தேறும். சிப்பம் என்றால் நாற்பது கிலோ மூட்டை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். முதல் நாள் மிஷினில் வைத்துப் பார்த்தபோது இருபது காட்டியது. காயவைத்தோம். இரண்டாம் நாள் சாக்கு இல்லை என்றார்கள். நான்காம் நாள் லாரி வரவில்லை, உள்ளே இடம் இல்லை என்றார்கள். ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குக் கீழே கையை விட்டால் சோற்றுப்பானைக்குள் விட்டது மாதிரி சுட்டது. ஒன்பதாம் நாள் காலையில் குவியலின் ஓரத்தில் பச்சையாகத் தெரிந்தது. அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே போட்டாள். நெல் முளைத்திருந்தது.

பக்கத்துக் குவியல்காரர்கள் எல்லோரும் மெயின் ரோட்டில் உட்காரலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவைக் காணோம். தேடிப்போனால், களத்துக் கொட்டகையில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அனுப்புநர். பெறுநர். ஐயா. பொருள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. வழக்கமாக அப்பாவை 'நீங்க' என்றுதான் சொல்வேன். அன்றைக்கு 'நீ' வந்துவிட்டது.

"எத்தன மனுப்பா எழுதுவே நீ? எழுதி எழுதி என்ன கிழிச்சே? நெல்லு மொளைச்சுக் கெடக்கு, நீ தாழ்மையுடன்னு எழுதிக்கிட்டு இருக்கே!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மனுவின் கடைசி வரியை எழுதி முடித்தார். கையெழுத்துப் போட்டார். கார்பனை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நான் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

*

டிஎன்பிஎஸ்சி புத்தகங்களில் உலகமே ஒரு மார்க் கேள்விகளாக இருக்கும். 'வெள்ளி நாக்கு' என்று அழைக்கப்பட்டவர் யார்? விடை: சீனிவாச சாஸ்திரி. நூறு தடவை படித்திருப்பேன். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. வலங்கைமான் என்றால் எங்களுக்கு இரண்டுதான். ஒன்று, மாரியம்மன் கோயில் பாடைக் காவடி. நோயில் கிடந்து பிழைத்தவர்கள் பாடையில் பிணம் போலப் படுத்து வந்து வேண்டுதல் முடிப்பார்கள். இன்னொன்று, வெடி. தீபாவளி, கல்யாணம், திருவிழா எதுவானாலும் சுற்றுவட்டாரத்துக்கு வாணமும் வெடியும் அங்கிருந்துதான் வரும். அப்பேர்ப்பட்ட வெடிச்சத்த ஊரிலிருந்து, குரலை உயர்த்தாமல் பேசியே பெயர் வாங்கிய ஒரு ஆள் வந்திருக்கிறார் என்பதை நான் யோசித்ததே இல்லை.

களத்துச் சண்டைக்கு அப்புறம் இரண்டு மாதம் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. போன் செய்தால் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அந்த நாட்களில்தான் இணையத்தில் ஏதோ தேடப்போய், ஜி.ஏ. நடேசன் கம்பெனி வெளியிட்ட சாஸ்திரியின் பேச்சுகள், எழுத்துகள் தொகுப்பின் ஸ்கேன் பிரதி கண்ணில் பட்டது. நடேசனும் நம்ம பக்கத்துக்காரர்தான். தஞ்சாவூர் ஜில்லா கணபதி அக்ரகாரம். அக்காலத் தலைவர்களின் பேச்சுகளை எல்லாம் சென்னையிலிருந்து புத்தகங்களாகப் போட்டுத் தள்ளியவர். என் ஆங்கிலம் அந்தப் புத்தகத்துக்குப் போதாது. ஒரு கையில் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். முதலில் ஒரு வன்மத்தோடுதான் படித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மனு எழுதுகிறவர்களின் தலைவர் இவர்தானே, என்ன எழுதிக் கிழித்தார் பார்ப்போம் என்ற எண்ணம்.

சாஸ்திரி 1869 செப்டம்பர் 22 அன்று வலங்கைமானில் ஒரு ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தார். 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெருமையாகச் சொல்லப்பட்ட, காவிரிக்கரைக் கல்லூரி. அதே கல்லூரியில் பின்னால் சேர்ந்த ராமானுஜன் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். சாஸ்திரியோ ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். பள்ளிக்கூட வாத்தியாராகத் தொடங்கி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். 1904-ல் திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கியவர்களில் ஒருவர். சென்னையில் நான் ரேஷன் வாங்கிய கடையின் பலகையில் 'டியுசிஎஸ்' என்று போட்டிருக்கும். அதுதான் இது.

1907-ல் தலைமையாசிரியர் வேலையை விட்டுவிட்டு, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-ல் கோகலே இறந்ததும் சங்கத் தலைவரானார். அடுத்த ஆண்டு, பிரிட்டிஷ் கொடியின் கீழ் இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று ஒரு பிரசுரம் எழுதினார். இன்றைக்கு அந்தத் தலைப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். கொடி அவர்களுடையது, ஆட்சி நம்முடையது. அசல் மனுவேதான். ஆனால் கோஷத்தை நம்பாமல், இது நியாயம், இது நடைமுறை, இதற்கு முன்மாதிரி இருக்கிறது என்று வாதங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிற பிரசுரம் அது. எதிராளி படித்துவிட்டு என்ன பதில் சொல்வான் என்பதை முன்கூட்டியே யோசித்து எழுதிய எழுத்து. படிக்கும்போது எனக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஞாபகம் வந்தது. "இதுக்கு தாசில்தாரு என்ன சொல்லுவாரு? சர்வே நம்பர் இல்லம்பாரு. அதான் சர்வே நம்பர மொதல்லயே போட்டுட்டேன்" என்பார்.

*

1919 பிப்ரவரி 7. டெல்லியில் வைஸ்ராயின் சட்டசபை. ரௌலட் மசோதா வந்திருக்கிறது. சந்தேகப்பட்டவரை விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கலாம், ஜூரி இல்லாமல் வழக்கு நடத்தலாம், மேல்முறையீடு கிடையாது. சபையில் அரசாங்க உறுப்பினர்களே பெரும்பான்மை. ஓட்டு எப்படிப் போகும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். சாஸ்திரி எழுந்து பேசுகிறார்.

அந்தப் பேச்சின் சாரத்தை என் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். இந்தச் சட்டம் கெட்டவர்கள்மேல் மட்டும்தான் பாயும் என்கிறீர்கள். கெட்ட சட்டம் ஒன்று வந்துவிட்டால் அது கெட்டவனைத் தேடித்தான் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடக்குமுறை என்று இறங்கிவிட்ட அரசாங்கத்தின் கண்ணில் என்னைப் போன்றவர்களும் குற்றமற்றவர்களாகத் தெரியமாட்டோம். அப்போது குற்றமற்றவன் என்றால் யார்? பொதுக்காரியம் எதிலும் தலையிடாமல் வீட்டுக்குள் போய்ப் பூஜை பண்ணிக்கொண்டு, வரியைக் கட்டிக்கொண்டு, எதிரே வருகிற அதிகாரிக்கெல்லாம் சலாம் போடுகிறவன்தான்.

இந்த இடத்தில் நான் அகராதியைக் கீழே வைத்துவிட்டேன். மிதவாதி, ராஜவிசுவாசி என்று எல்லோரும் சொன்ன மனிதர், வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டை எதிரே வைத்துக்கொண்டு பேசியது இது. குரல் உயரவில்லை. ஆனால் குனியவும் இல்லை. சலாம் போடுகிறவன் மட்டும்தான் உங்கள் கணக்கில் நல்லவன் என்று முகத்துக்கு நேரே சொல்வது தாழ்மையா?

இந்த மசோதா விவாதத்தின்போது காந்தி பார்வையாளராக அங்கே போயிருந்தார். வாழ்க்கையில் அந்தச் சட்டசபைக்கு அவர் போனது அந்த ஒரு தடவைதான். வைஸ்ராய் சொக்கிப்போய்க் கேட்டதாகத் தோன்றியது என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார். கூடவே நம் ஊரில் எல்லோரும் சொல்வதையும் சொல்கிறார்: தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவது போல நடிக்கிறவனை எழுப்ப முடியாது. மார்ச் 18-ல் மசோதா நிறைவேறியது. ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாக்.

ஜின்னாவும் மாளவியாவும் சபையை விட்டு ராஜினாமா செய்தார்கள். சாஸ்திரி செய்யவில்லை. காந்தியின் சத்தியாக்கிரகத்திலும் சேரவில்லை. சட்டத்தை எதிர்த்து அவ்வளவு பேசியவர், சட்டத்தை மீறுவதை ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் களத்துக் கொட்டகையில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மற்றவர்கள் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

*

இந்தப் பேச்சின் வேர் எங்கே என்று தேடிக்கொண்டு போனபோதுதான் சர் ஜான் எலியட் வந்தார். கும்பகோணம் கல்லூரியில் படித்த அந்தத் தலைமுறைக்கு இங்கிலாந்து சரித்திரம் பாடம். அந்தச் சரித்திரத்தில் 1628-ம் வருஷத்துக்குத் தனி இடம் உண்டு. முதலாம் சார்லஸ் ராஜா, பாராளுமன்றத்தைக் கேட்காமல் குடிகளிடம் கட்டாயக் கடன் வசூலித்தார். கொடுக்காதவர்களைக் காரணம் சொல்லாமல் சிறையில் போட்டார். அப்படிச் சிறைக்குப் போனவர்களில் எலியட்டும் ஒருவர். வெளியே வந்ததும் பாராளுமன்றத்தில் அவரும் மற்றவர்களும் சேர்ந்து ராஜாவை ஒரு காகிதத்துக்குச் சம்மதிக்க வைத்தார்கள். பாராளுமன்றம் ஒத்துக்கொள்ளாமல் வரி இல்லை, காரணம் காட்டாமல் சிறை இல்லை. அந்தக் காகிதத்தின் பெயர் என்ன தெரியுமா? மனு. உரிமை மனு. ரௌலட் சட்டம் இங்கே எதைப் பறித்ததோ, ஏறக்குறைய அதையே இருநூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் தன் ராஜாவிடம் மனுப் போட்டுக் கேட்டிருக்கிறான்.

அடுத்த ஆண்டு மார்ச்சில், சபையை ஒத்திவைக்கச் சொல்லி ராஜாவின் ஆணை வந்தது. எழுந்துபோக முயன்ற சபாநாயகரை நாற்காலியிலேயே பிடித்து அழுத்தி உட்காரவைத்துவிட்டு, உறுப்பினர்கள் தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். எலியட் கைதாகி லண்டன் டவர் சிறைக்குப் போனார். பாராளுமன்றத்தில் பேசியதற்குப் பாராளுமன்றத்தில்தான் பதில் சொல்வேன், வேறு எந்தக் கோர்ட்டுக்கும் பதில் சொல்லமாட்டேன் என்று நின்றார். பாராளுமன்றப் பேச்சுகளை அச்சிடக்கூடாத காலம் அது. ஆட்கள் கையால் நகல் எடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். பத்து வருஷம் கழித்துத் தணிக்கை உடைந்ததும் அச்சுப் பிரசுரங்கள் வெள்ளமாக வந்தன. ஆனால் எலியட் அதைப் பார்க்கவில்லை. சிறையில் அவருக்குக் காசநோய் வந்தது. கொஞ்சம் வெளிக்காற்று வாங்கிக் குணமாகும்வரை விடச்சொல்லி ராஜாவுக்கு மனுப் போட்டார். ராஜாவின் பதில்: தாழ்மை போதவில்லை.

நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

அவர் இன்னொரு மனுவும் போட்டார். பயனில்லை. 1632 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக மகன் கேட்டதற்கும் ராஜா மறுத்துவிட்டார். செத்த இடத்திலேயே புதைத்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தாழ்மை என்பது எழுதுகிறவன் கையில் இல்லை போலிருக்கிறது. வாங்குகிறவன்தான் அதை அளக்கிறான். ஈரப்பதம் மாதிரிதான். மிஷின் அவன் கையில் இருக்கிறது. நீ எவ்வளவு காயவைத்துக் கொண்டுபோனாலும் இருபது என்று அவன் சொன்னால் இருபதுதான்.

*

இப்போது தகரப் பெட்டிக்கு வருகிறேன்.

அப்பாவின் தாத்தா ஒரு பண்ணையில் பண்ணையாளாக இருந்தவர். ஒரு நாள் அடி தாங்காமல் நாகப்பட்டினத்துக்கு ஓடி, கங்காணி ஒருவரோடு கப்பல் ஏறிவிட்டார். மலாயாவில் ரப்பர் தோட்டம். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியாது. சண்டைக்கு முன்பே ஊர் திரும்பியவர், கூடக் கொண்டுவந்தது இந்தப் பெட்டியும் ஒரு இருமலும்தான் என்று அப்பாயி சொல்லும்.

1936-37-ல் இந்திய அரசாங்கம் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் நிலைமையைப் பார்த்துவரச் சொல்லி ஒருவரை அனுப்பியது. அவர் சீனிவாச சாஸ்திரி. அப்போது அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதற்குள் அவர் உலகமெல்லாம் சுற்றிவிட்டார். 1921-ல் பிரிவி கவுன்சில் உறுப்பினர். 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று போய், அங்கே குடியேறிய இந்தியர்களுக்குச் சம உரிமை கொடுங்கள் என்று பேசியவர். 1923-ல் கென்யாவின் மேட்டு நிலங்கள் வெள்ளையர்களுக்கே என்று முடிவானபோது மனம் உடைந்தவர். 1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் ஏஜெண்டாகப் போனவர். அங்கே இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல உயர்நிலைப் பள்ளிகூட இல்லை என்று பணம் திரட்டினார். டர்பனில் எழுந்த அந்தப் பள்ளிக்குச் சாஸ்திரி காலேஜ் என்றே பெயர். சர் பட்டம் கொடுத்தபோது வேண்டாம் என்றவர்.

அப்படிப்பட்டவர் எங்கள் பாட்டன் இருந்த நாட்டுக்குப் போனார். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அறிக்கையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என் நெஞ்சு படபடத்தது உண்மை.

உலகப் பொருளாதார மந்தத்தில் வெட்டப்பட்ட கூலியைப் பழையபடி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று உடனே ஆக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அது சரி. ஆனால் தொழிலாளர்களைக் கப்பலேற்றி அனுப்புவதை நிறுத்தத் தேவையில்லை என்பதும் அவர் முடிவு. மலாயாவில் இருந்த இந்தியத் தலைவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். கூலி உயர்ந்தது. மறு வருஷமே ரப்பர் விலை சரிந்து, கூலியும் சரிந்தது. 1938-ல் இந்திய அரசாங்கமே உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. ரௌலட்டில் அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண், தோட்டத்து லயத்தைப் பார்க்கும்போது ஏன் இவ்வளவு மெத்தனமாகிவிட்டது? எனக்குக் கிடைத்த விடை சுகமானது அல்ல. தன்னைப் போன்ற படித்தவனை விசாரணையில்லாமல் பிடிக்கலாம் என்ற சட்டம் அவர் தோலில் பட்டது. சாட்டையடி வாங்கிக் கப்பலேறியவனின் வாழ்க்கை அவர் தோலில் பட்டதில்லை. எங்கள் தெருவுக்கும் அக்ரகாரத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான் என்றாலும், அதைத் தாண்டி நேரே நடந்து வந்த வழக்கம் அவர்கள் பக்கம் இல்லை. 1940-ல் தமிழில் கலைச்சொல் ஆக்கும் குழுவுக்கு அவரைத் தலைவராகப் போட்டபோதும், சமஸ்கிருதச் சொல்லையே கட்டிக்கொண்டு அழுகிறார் என்று தமிழறிஞர்கள் கொதித்தார்கள். வெள்ளிநாக்கு யாரிடம் பேசிப் பழகியதோ அவர்களிடம்தான் பேசியது.

வாய்க்காலைத் தாண்டி வந்தவர் இன்னொரு சீனிவாசன். பி. சீனிவாச ராவ். தாய்மொழி கன்னடம். 1943-ல் கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பித் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்தவர். பிறப்பால் பிராமணர். சேரிகளில் தங்கி, அங்கே சாப்பிட்டு, கன்னடம் கலந்த தமிழில் பேசினார். இலக்கணம் பார்த்தால் அவர் பேச்சு தேறாது. ஆனால் அந்தப் பேச்சுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு. 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுவதும் இனி கூடாது என்று மிராசுதாரர்கள் கையெழுத்துப் போட நேர்ந்தது. அவரும் பிரசுரம் எழுதினார். 'தஞ்சையில் நடப்பது என்ன?' என்று ஒரு சின்னப் புத்தகம். அதில் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது எதுவும் இல்லை. தொடர்ந்து நடந்த போராட்டங்களுக்குப் பிறகு 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இதுவரை யோசித்ததும், எனக்கு நான் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மனு தோற்றது, மறியல் ஜெயித்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக வாதம் தயார் செய்துகொண்டு போனேன்.

*

அப்பா முழுவதையும் கேட்டார். எலியட் கதைக்கு உச்சுக்கொட்டினார். சாட்டையடி ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினார். பிறகு எழுந்துபோய்த் தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். நூல் கட்டிய பதினோரு கார்பன் நகல்கள். தாள் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருந்தது. முதலாவது அவர் இருபது வயதில் எழுதியது. எங்கள் தெருக் குடிசைகள் பண்ணைக்காரர் மனையில் இருந்தவை. 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டப்படி அந்த மனைகள் குடியிருப்பவர்களுக்கே சொந்தம். சட்டம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவுக்குக் காகிதம் வரவில்லை. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. அப்பா எழுதினார். பதினோரு மனு. பட்டா கைக்கு வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது.

"சட்டம் எப்புடி வந்துச்சுங்கிறே? நீ சொல்ற ஆளுங்கதான் கொண்டாந்தாங்க. அடிபட்டு, செயிலுக்குப் போயி, வெண்மணியில நாப்பத்து நாலு உசுரு வெந்து... அதெல்லாம் இல்லாம சட்டம் வராது. நான் இல்லேங்கல. ஆனா சட்டம் வந்தா மட்டும் வீடு வந்துருமா? எந்தத் தெரு, எந்த நம்பரு, யாரு பேருல, எத்தன வருசமா இருக்கான்? அத ஒருத்தன் ஒக்காந்து எழுதணும்ல?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னைக்குக் களத்துல எல்லாரும் ரோட்டுக்குப் போனாங்க. சரிதான். நானும் அப்பறம் போயி ஒக்காந்தேன், நீ கெளம்பிப் போயிட்டே, ஒனக்குத் தெரியாது. சாயந்தரம் ஆபீசரு வந்தாரு. என்ன கேட்டாரு தெரியுமா? யாரு யாரு நெல்லு, எத்தன மூட்டை, எந்தத் தேதியில கொண்டாந்தீங்க, எழுத்துல இருக்கான்னாரு. எல்லாரும் என்னையப் பாத்தாங்க."

அப்பா எழுதிக்கொண்டிருந்தது எங்கள் எழுபது சிப்பத்துக்கான மனு மட்டும் இல்லை. களத்தில் கிடந்த இருபத்து மூன்று குவியல்களையும் பெயர், மூட்டை, வந்த தேதி, மிஷின் காட்டிய ஈரப்பதம் என்று வரிசையாக எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்தது கடைசி வரி மட்டும்தான். அதைப் படித்துவிட்டுத்தான் கத்தியிருக்கிறேன். நகலை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது வரிசையில் எங்கள் பெயர். முளைத்துப்போன மூட்டைகளுக்கு நேரே எதுவும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். மற்றதை அடுத்த வாரத்தில் எடுத்துக்கொண்டார்களாம். முளைத்தது போனது போனதுதான். நஷ்டஈடு கேட்டு எழுதிய மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அன்று நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், வாய்விட்டுக் கேட்கவில்லை. "டீ போடவாப்பா?" என்று கேட்டேன். "போடு" என்றார்.

சாஸ்திரி 1946 ஏப்ரல் 17 அன்று சென்னையில் இறந்தார். சுதந்திரத்துக்கு இன்னும் பதினாறு மாதம் இருந்தது. அந்த ஜனவரியில் காந்தி ஆஸ்பத்திரிக்கே போய் அவரைப் பார்த்தார். முப்பது வருஷமாக எல்லாவற்றிலும் கருத்து வேறுபட்ட இருவர். காந்தி சட்டத்தை மீறினார், சாஸ்திரி எழுதினார், பேசினார். ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. மலாயா அறிக்கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் 1919-ல் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே எழுந்து நின்று, மறுக்க முடியாதபடி ஒவ்வொரு வாதமாகப் பதிவு செய்துவிட்டுப் போனாரே, அந்த வேலையை இப்போது என்னால் கேலி செய்ய முடியவில்லை. தெருவில் இறங்கியவர்களின் கோபத்துக்கு அந்தப் பேச்சு ஒரு காகிதம். சர்வே நம்பர் போட்ட காகிதம்.

இப்போது அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. கார்பன் வைத்து அழுத்தி எழுத முடிவதில்லை. அவர் சொல்லச் சொல்ல, நான் போனில் டைப் செய்து கும்பகோணத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். போன மாதம் வாய்க்கால் தூர் வாருவதற்கு ஒரு மனு. கடைசி வரியில் அந்த வார்த்தையை நானாக எடுத்துவிட்டேன். 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"எங்கடி அது?"

"அந்த வெள்ளைக்கார ராஜா கதை சொன்னேனேப்பா. எவ்வளவு போட்டாலும் பத்தாதுன்னு சொல்றவனுக்கு எதுக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். சிரித்தார்.

"அதுவுஞ் சரிதான். மேல 'ஐயா'வ மட்டும் விட்டுவை. பேருக்கு முன்னாடி மரியாத வேணும்" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி நடுங்கும் கையால் கையெழுத்துப் போட்டார். பிறகு கேட்டார்:

"நகல் எடுத்தியா?"